பிள்ளையின் விளையாட்டும் நம் கையும்: வீட்டில் வழிவழியாக வரும் அடியை நிறுத்தும் முறை

பிள்ளை போட்டியில் தோற்றுவிட்டு வந்த நாளில் கை நீட்டியிருக்கிறீர்களா? கை நீட்டாவிட்டாலும் சொல்லால் அடித்திருக்கிறீர்களா? உங்களையும் உங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்களா? அப்படியானால் இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான்.

நான் நீச்சல் பழகும் ஒரு பையனின் அப்பா. அவனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு போட்டியில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும் இடத்தில் ஒரு கையால் மட்டும் சுவரைத் தொட்டுவிட்டான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பது விதி. தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்து அவனை அறைந்தேன். அவன் அழவில்லை. கீழே விழுந்த நீச்சல் கண்ணாடியை எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டே, "தப்புதான் அப்பா" என்றான். அது எனக்குத் தெரிந்த குரல். 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்த நாளில், கையில் புளிய விளாறோடு நின்ற என் அப்பாவிடம் நான் சொன்னதும் அதே சொல்தான்.

நான் மாறுவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதன்பின் எங்கள் பயிற்சி மையத்தில் இதே சிக்கலோடு இருந்த பெற்றோர் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். படிகளை வரிசை மாற்றிச் செய்கிறார்கள். முதல் நாளே பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்கிறார்கள். மூன்றாவது வாரம் அடுத்த போட்டி வருகிறது, கை மறுபடியும் ஓங்குகிறது. முதல் அடியைவிட அந்த இரண்டாவது அடி பிள்ளையை அதிகம் உடைக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

வீட்டில் அடிப்பவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவரோ மனைவியோ மாமனாரோ என்றால், முதலில் 11ஆம் படியைப் படியுங்கள்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு நோட்டுப் புத்தகம். போட்டி நாளில் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒருவர். அவர் உங்கள் பிள்ளையின் விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவராக இருந்தால் நல்லது, தெரிந்தவர் உங்களோடு சேர்ந்து ஆட்டத்தை அலசத் தொடங்கிவிடுவார். போட்டி முடிந்ததும் பிள்ளையோடு இருக்கக்கூடிய இன்னொரு பெரியவர்: உங்கள் மனைவி, கணவர், சித்தி, அணியில் இன்னொரு பிள்ளையின் அம்மா, யாராக இருந்தாலும் சரி. கடைசியாக, அடுத்த மூன்று மாதங்களுக்கான போட்டிப் பட்டியல்.

பட்டியல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நம் கோபம் எந்த நாளில், எந்த இடத்தில் வரும் என்பதை அந்தத் தாளில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

1. முதலில் கையை நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம்

போட்டி முடிந்த பின் வரும் முதல் அரை மணி நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த அரை மணி நேரம் நீங்கள் பிள்ளையின் அருகில் இருக்கக் கூடாது. இந்தப் படி முழுவதும் இவ்வளவுதான்.

பிள்ளை தண்ணீரிலிருந்து ஏறியதும், அல்லது மைதானத்திலிருந்து வெளியே வந்ததும், மேலே சொன்ன அந்தப் பெரியவர் அருகில் போகட்டும். துண்டும் தண்ணீரும் அவர் கொடுக்கட்டும். நீங்கள் வெளியே நடந்து போய்த் தேநீர் குடியுங்கள், தொலைபேசியில் அந்த ஒருவரிடம் பேசுங்கள். அரை மணி நேரம் கழித்து வாருங்கள்.

இதைப் பிள்ளையிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். "போட்டி முடிந்ததும் அப்பா கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருவேன். நீ ஜெயித்தாலும் போவேன், தோற்றாலும் போவேன்." சொல்லாமல் போனால், அப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் பிள்ளை நினைக்கும். ஜெயித்த நாளில் ஓடிப்போய்த் தூக்கிவிட்டுத் தோற்ற நாளில் மட்டும் வெளியே போனால், இந்தப் படியே ஒரு தண்டனையாகிவிடும். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இது. நானும் செய்தேன்.

"இனி அடிக்க மாட்டேன்" என்று சாமி முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும். சத்தியம் தவறில்லை. ஆனால் கோபம் தலைக்கேறிய நேரத்தில் சத்தியம் நினைவுக்கு வராது. நீங்கள் வெளியே நடந்து போனதால் உங்களுக்கும் பிள்ளைக்கும் இடையில் விழுந்த தூரம் அப்போதும் இருக்கும்.

2. இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். கோபம் வந்த நேரம். அதற்குச் சற்று முன் நடந்தது. உடம்பில் எங்கே தெரிந்தது.

எனக்குத் தாடை இறுகும், வலது உள்ளங்கை சூடாகும். ஒரு அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அறிகுறி தெரிந்தால் அடிக்கும் முன் சில விநாடிகள் கிடைக்கின்றன. பிள்ளை சொன்ன பதிலையோ அதன் முகபாவத்தையோ பற்றி நீண்ட பத்திகள் எழுதத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அது பிள்ளை மேல் குற்றப்பத்திரிகை எழுதும் வேலையாக மாறிவிடும்.

இரண்டு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள். என் நோட்டில் பதினொரு குறிப்புகள் இருந்தன. அவற்றில் எட்டு, வேறொரு பெற்றோர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை. மகனின் டைமிங் எனக்குக் கோபம் தந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என் மானத்தைப் பற்றியது என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

3. உங்கள் வீட்டு அடியின் கதையை எழுதுங்கள்

இதைத் தனியாக, வீடு தூங்கிய பிறகு எழுதுங்கள். உங்களை யார் அடித்தார், எதனால் அடித்தார், அடித்த பின் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்தார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். என் அம்மா அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்ப்பார். எங்கள் வீட்டில் அடிக்குப் பக்கத்துணையாக இருந்தது அந்தச் சத்தம். நான் அடித்தபோது என் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். வழிவழியாக வருவது அடி மட்டுமில்லை, அதைப் பார்த்தும் பாராமல் இருக்கும் பழக்கமும் கூடவே வருகிறது.

பிறகு, உங்களுக்குச் சொல்லப்பட்ட பழமொழிகளை எழுதுங்கள். "அடியாத மாடு படியாது." "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்." முருங்கையை ஒடித்தால் பக்கக்கிளை வெடித்து நிறையக் காய்க்கும் என்பது உண்மை. பிள்ளைக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. அடிபட்ட பிள்ளை, அடி விழாத வழியைக் கற்றுக்கொள்கிறது: தோள் வலியை மறைக்கிறது, கடினமான போட்டியில் பெயர் கொடுக்க மறுக்கிறது, எளிதாக ஜெயிக்கும் இடத்தையே தேடுகிறது.

இந்த இடத்தில் இரண்டு வகைப் பிழை நடக்கும். சிலர், "என்னை அடித்ததால்தான் நான் இன்று மனிதனாக நிற்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். அவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: அந்த விளையாட்டை இப்போதும் விளையாடுகிறீர்களா? நான் பத்தொன்பது வயதில் ஓட்டத்தை விட்டவன், அதன்பின் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. இன்னும் சிலர், "அடிபட்டவன் அடிக்கத்தான் செய்வான், என் தலையெழுத்து" என்பார்கள். அதுவும் உண்மையில்லை. அடிபட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துபவர்களாக ஆவதில்லை.

"அடி வாங்கித்தானே பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை எலினா டோகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 விம்பிள்டனில், உலகின் முதல் நிலையில் இருந்த மார்ட்டினா ஹிங்கிஸை முதல் சுற்றிலேயே 6-2, 6-0 என்று வீழ்த்தியவர். அடுத்த ஆண்டு, 17 வயதில், அங்கேயே அரையிறுதி வரை சென்றார். அரையிறுதியில் தோற்ற அன்று, விடுதிக்கு வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், ஆட்டக்காரர்களின் ஓய்வறையில் இரவைக் கழிக்கப் பார்த்தார். அப்பாவின் அடி, பெல்ட், வசை எல்லாவற்றையும் 2017இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வரை போய்த் திரும்பியதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விம்பிள்டன் அரையிறுதியே போதவில்லை என்றால், நம் மாவட்டப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் எந்த அப்பாவின் கோபத்தைத் தணிக்கும்?

4. மன்னிப்பு: எப்போது, எப்படி

முதல் படியை மூன்று போட்டிகளிலாவது தவறாமல் செய்து முடித்த பிறகு மன்னிப்புக் கேளுங்கள். அதற்குள் பிள்ளை ஏதோ மாறியிருப்பதைப் பார்த்திருக்கும். வெறும் சொல்லாக இல்லாமல், பார்த்த ஒன்றுக்குப் பெயர் வைப்பதாக உங்கள் மன்னிப்பு இருக்கும்.

பயிற்சி இல்லாத நாளாக, வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். உட்கார்ந்து பேசுங்கள், நின்றபடி பேசினால் நம் உயரமே பிள்ளைக்கு மிரட்டல். நான் சொன்னது இது: "அன்றைக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் உன்னை அறைந்தேன். அது என் தப்பு. நீ சுவரைத் தொட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாத்தா என்னை அடித்திருக்கிறார், எனக்கு அது பிடித்ததில்லை. இனி போட்டி முடிந்ததும் நான் வெளியே போவது அதற்காகத்தான்."

நடந்ததைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "எப்போதாவது உன் மனதைப் புண்படுத்தியிருந்தால்" என்று தொடங்கினால், உனக்கு வலித்ததா இல்லையா என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பிள்ளை தலையில் ஏற்றுகிறோம். "ஆனால்" என்ற சொல் எந்த இடத்திலும் வரக் கூடாது. "ஆனால் நீயும் கவனமாக இருந்திருக்கலாம்" என்று சொன்னால் அங்கேயே மன்னிப்பு செத்துவிடுகிறது.

அழாதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். அப்பா அழுதால் பிள்ளை தன் வலியை மறந்துவிட்டு அப்பாவைத் தேற்றத் தொடங்கும். அழுகை வந்தால் மனைவியிடமோ நண்பரிடமோ அழுங்கள். பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். என் மகன் "சரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான்கு மாதம் கழித்து, இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னுரையும் இல்லாமல், "தாத்தா உங்களை எதால் அடிப்பார்?" என்று கேட்டான். நான் கேட்ட மன்னிப்புக்கு அன்றுதான் பதில் வந்தது.

அன்று மாலையே புதுக் காலணி, புது மட்டை என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். அடிக்கு விலை பேசியதாகிவிடும்.

5. வீடு திரும்பும் பயணம்

மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் ஸ்கூட்டரிலோ பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புகிறார்கள். அப்பாவின் முகம் தெரியாது. தலைக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரல் மட்டும் கேட்கும். ஈரத் தலையோடு, இறங்கவும் முடியாமல், பதில் சொன்னாலும் காற்றில் கேட்காமல், இருபது நிமிடம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். உடை மாற்றும் அறையிலிருந்து உங்கள் பிள்ளை வெளியே வர அரை மணி நேரம் ஆகிறதா? சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறது.

விதி எளியது: வண்டியில் விளையாட்டைப் பற்றி நீங்கள் பேச்சைத் தொடங்கக் கூடாது. பிள்ளை தொடங்கினால் கேளுங்கள். திருத்தம் சொல்லாதீர்கள். திருத்துவதற்குத்தான் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

மூன்று சொல் போதும். "பசிக்கிறதா? என்ன சாப்பிடலாம்?" அவ்வளவுதான். வென்ற நாளிலும் அதே கடை, அதே பரோட்டா. வென்றால் ஐஸ்கிரீம், தோற்றால் வீட்டுச் சாதம் என்று வைத்தால், தட்டில் வைக்கும் உணவே மதிப்பெண் பட்டியலாகிவிடும்.

பேச்சை நிறுத்தியவர்களில் பலர் அடுத்துச் செய்யும் பிழை, பெருமூச்சு. உதட்டைப் பிதுக்குவது, வண்டியை வெடுக்கென்று கிளப்புவது, வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போடுவது. மூன்று நாள் பேசாமல் இருப்பதும் இதே வகைதான். அடிபட்டு வளர்ந்த வீட்டில் இந்த மௌனத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். வாயை மூடியும் உடம்பு திட்டிக்கொண்டிருந்தால், ஆட்டோவில் போங்கள், அல்லது பிள்ளையை நண்பனின் வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

6. கேலரியில் உங்கள் இடம்

ஸ்டாப்வாட்சை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கையில் கடிகாரம் இருந்தால், பிள்ளைக்கு முன்பே தோல்வி உங்களுக்குத் தெரிந்துவிடும். அது தலையைத் தூக்கும் நேரத்தில் உங்கள் முகம் தயாராக இருக்கும். எங்கள் குளத்தில் பாருங்கள்: பல பிள்ளைகள் சுவரைத் தொட்டதும் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முதலில் கேலரியைத்தான் பார்க்கின்றன. நேரம் என்ன என்பதை அங்கே இருக்கும் முகத்தில் படிக்கின்றன.

கடைசி வரிசையில், மற்ற பெற்றோரிடமிருந்து தள்ளி உட்காருங்கள். என் நோட்டில் இருந்த எட்டுக் குறிப்புகள் எனக்குச் சொன்னது இதைத்தான்.

ஒப்பிடும் முன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஓராண்டு வளர்ச்சி வித்தியாசம். பன்னிரண்டு வயதில் மீசை அரும்பிய பையன் பக்கத்துப் பாதையில் நீந்துவான், உங்கள் பையன் அவன் தோளுக்குத்தான் வருவான். பெண் பிள்ளைகளுக்குப் பருவமடையும் காலத்தில் உடல் அமைப்பு மாறுவதால், சில காலம் நேரம் குறையாமலே நிற்கலாம். மாதவிடாய் நாட்களைப் பற்றிப் பேசத் தயங்கும் வீட்டில், "ஏன் மெதுவாகிவிட்டாய்?" என்ற கேள்விக்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? நார்வே நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் வகுத்தது. அங்கே 13 வயதுக்கு முன் தேசிய அளவிலான பட்டப் போட்டி கிடையாது.

பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பொய்யைப் பிள்ளை தன் பெயரோடு வாழ்நாள் முழுவதும் சுமக்கும்.

7. பயிற்சியாளருக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்

சேர்க்கும் நாளில் நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார், நான் கேட்க மாட்டேன்." மரியாதைக்காகச் சொல்லும் வழக்கமான பேச்சு என்று நாம் நினைக்கிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைத் தனக்கான தீர்ப்பாகக் கேட்கிறது. அதன் பிறகு பயிற்சியாளர் அடித்தாலும், தொடக் கூடாத இடத்தில் தொட்டாலும், அது வீட்டில் வந்து சொல்லாது. நான் கேட்க மாட்டேன் என்றுதான் நீங்களே சொல்லிவிட்டீர்களே.

நேரில் போய், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் சார். இவனை அடிக்க வேண்டாம், கெட்ட வார்த்தை சொல்ல வேண்டாம். என்ன என்றாலும் என்னிடம் சொல்லுங்கள்." பிள்ளை காதில் விழுவதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். தொலைபேசியில் சொன்னால் பயன் பாதிதான்.

நல்ல பயிற்சியாளர் இதை வரவேற்பார். முகம் சுளிப்பவரிடம் சட்டத்தையும் நினைவுபடுத்தலாம். பள்ளியில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்குவதோ கொடுமைப்படுத்துவதோ இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

அதே சந்திப்பில் பயிற்சி நாட்களையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு, அதையும் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு அளவு: பத்து வயதுக்கு வாரம் பத்து மணி நேரம்.

8. பணக் கணக்கைப் பிள்ளையிடமிருந்து பிரியுங்கள்

பயிற்சிக் கட்டணம், பால், முட்டை, நீச்சல் உடை, வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட், லாட்ஜ். நகையை அடகு வைத்தவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசு வேலை என்ற கணக்கும் பின்னால் ஓடுகிறது. அந்த ஆசையில் தவறில்லை, வழியில்லாத வீட்டில் அது ஒரு வழிதான்.

ஆனால் "எவ்வளவு கொட்டியிருக்கிறேன் தெரியுமா?" என்ற வாக்கியம் உங்கள் வாயில் ஒருமுறை வந்திருந்தால், நோட்டில் ஒரு கணக்குப் போடுங்கள்: பதக்கமே வராது, ஒதுக்கீடே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும் நான் இந்த ஆண்டு எவ்வளவு செலவழிக்கத் தயார்? அந்தத் தொகையோடு நில்லுங்கள். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயையும் கடனாகத்தான் பிள்ளை மேல் எழுதுவோம், அது வசூலாகாத நாளில் கை ஓங்கும்.

9. தாத்தா, பாட்டி வரும்போது

பழைய அடி திரும்ப வரும் வாசல் இதுதான். பேரன் தோற்றான் என்றதும், "நாலு சாத்து சாத்தாமல் என்ன வளர்க்கிறாய்?" என்பார் தாத்தா. உங்கள் வயது நாற்பத்தைந்தாக இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டதும் பன்னிரண்டாகிவிடும்.

பிள்ளை முன்னால் சண்டை போடாதீர்கள், பழைய கணக்கைத் தீர்க்கும் நேரமும் அதுவல்ல. ஒரே வாக்கியத்தை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். நான் சொல்வது: "அப்பா, இவனை அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். நீங்களும் அடிக்க வேண்டாம்." காரணம் கேட்டாலும் அதே வாக்கியம். விளக்கத் தொடங்கினால் விவாதமாகும், விவாதத்தில் அப்பாவிடம் தோற்றே பழகியவர்கள் நாம்.

உங்கள் அப்பா மன்னிப்புக் கேட்டால்தான் உங்களால் மாற முடியும் என்று காத்திருக்காதீர்கள். என் அப்பா கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் ஒருநாள், பேரனின் நீச்சல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ நன்றாகத்தான் ஓடினாய்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் என் மகனை அடிப்பதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

10. விலகும் உரிமையும், மறுபடி சறுக்கினால் செய்வதும்

ஆண்டுக்கு இருமுறை, பருவம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, கேளுங்கள்: "அடுத்த பருவம் தொடரலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா, சும்மா இருக்கலாமா?" தோற்ற வாரத்தில் கேட்டால் அது மிரட்டலாகக் கேட்கும். பதில் "வேண்டாம்" என்றால் ஒரு மாதம் இடைவெளி விட்டு மறுபடி ஒருமுறை மட்டும் கேளுங்கள். அப்போதும் அதே பதில் என்றால், பயிற்சியாளரிடம் நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தச் சங்கடத்தைப் பிள்ளையிடம் விடாதீர்கள். என் மகன் பதினைந்து வயதில் போட்டிகளை நிறுத்திவிட்டான். இப்போதும் வாரம் மூன்று நாள் நீந்தப் போகிறான், யாரும் நேரம் பார்ப்பதில்லை.

சறுக்குவீர்கள். அன்றே, தூங்கும் முன், பிள்ளையிடம் நடந்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் படிக்குத் திரும்புங்கள்; அந்த அரை மணி நேர இடைவெளி எங்கே விடுபட்டது என்று பாருங்கள். என் அனுபவத்தில் அது எப்போதும் ஒரு சின்ன ஏற்பாடு தவறியதால் விடுபடும்: மனைவிக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை, போட்டி நேரம் மாறிவிட்டது. அடுத்த போட்டிக்கு மாற்று ஆள் ஏற்பாடாகவில்லை என்றால் நீங்கள் போகாதீர்கள்.

இரண்டாவது முறை சறுக்கினால் தனியாக முயல வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். "என் பிள்ளையை அடித்துவிடுகிறேன், நிறுத்த முடியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்குப் பார்ப்பார்கள்.

11. அடிப்பவர் நீங்கள் இல்லை என்றால்

போட்டி நாளின் காலையில் வயிற்று வலி, படுக்கையில் சிறுநீர் போவது, கோடையிலும் முழுக்கைச் சட்டை, உடல் வலியை மறைப்பது, அப்பா வண்டியின் ஒலி கேட்டதும் அறையை மாற்றுவது. இவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்தால் கேளுங்கள். "அடித்தாரா?" என்று நேராகக் கேட்டால் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடும். "போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் என்ன நடக்கும், சொல்லேன்" என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள். "அப்பா உன் நல்லதுக்குத்தான்" என்ற வாக்கியத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

காயமோ வீக்கமோ இருந்தால் முதலில் மருத்துவமனை. அங்கே, விழுந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள். மருத்துவர் எழுதும் குறிப்பு பின்னால் பிள்ளைக்குக் காவல். கோபம் ஏறியிருக்கும் நேரத்தில் அடிப்பவரோடு வாதாட வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள். உங்களுக்கும் அடி விழுகிறது என்றால் 181 பெண்கள் உதவி எண். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 உங்களோடு பிள்ளைக்கும் பாதுகாப்பு ஆணை பெற வழி செய்கிறது.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம், பயிற்சி மையத்தில் பார்த்த இன்னொரு பெற்றோரும் கூப்பிடலாம். பிள்ளையின் வயது, இருக்கும் இடம், கடைசியாக என்ன நடந்தது, இந்த நேரத்தில் ஆபத்து இருக்கிறதா என்ற நான்கையும் சொன்னால் போதும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பயிற்சியாளரோ வேறு யாரோ பாலியல் முறையில் தொட்டதாகப் பிள்ளை சொன்னால், போக்சோ சட்டம் 2012இன்படி அதைத் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மையத்தின் பெயர் கெடும், போட்டி வாய்ப்பு போகும் என்று மறைக்க இடமில்லை.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் விளையாட்டுப் பையின் உள் பையில் வைத்துவிடுங்கள். ஏன் வைத்தாய் என்று கேட்டால், "எல்லாப் பிள்ளைகள் பையிலும் இருக்க வேண்டியது" என்று சொல்லுங்கள். என் மகனின் பையில் நானே எழுதி வைத்தேன்.